குண்டு எழுத்து

எங்கள் அச்சகத்தில் இருந்த பெரிய மர எழுத்துகளுக்கு நாங்கள் வைத்த பெயர் குண்டு எழுத்து. விற்றவன் ஏதோ கௌரவமான பெயர்தான் வைத்திருந்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அது இருந்தது, மை பட்டு அழிந்துபோய்விட்டது. ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை உயரம். கோடுகள் கட்டைவிரல் பருமன். 'கு'வின் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். 'ழ'வின் வால் கீழே இறங்கி, மறுபடி மேலே சுருண்டு வரும். 'னை'க்கு அந்தக் காலத்தில் முன்பக்கம் தும்பிக்கை உண்டு. இந்தப் பெட்டியில் இருந்த தும்பிக்கை எதையோ வாங்கித் தின்னப் போவது போல நீண்டிருக்கும். மேலே வைக்கிற புள்ளிகூடச் சும்மா புள்ளி இல்லை, நடுவில் ஓட்டை போட்ட உளுந்துவடை. இவற்றை வெட்டியவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வெட்டியிருக்க வேண்டும்.

மலாய் நாட்டில், குளுவாங் டவுனில், ரயில்வே ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி அந்த அச்சகம் இருந்தது. முதலாளி, எழுத்துக் கோக்கிற நான், மிஷினை மிதிக்கிற ஒரு சீனர், ஆக மொத்தம் மூன்று பேர். ஈய எழுத்துகள் தனியாக உண்டு. கல்யாணப் பத்திரிகை, சங்கத்து அறிக்கை, கருமாதிக் கடிதம் எல்லாம் ஈயத்தில்தான். குண்டு எழுத்தை நாடகத்துக்கும் கூத்துக்கும் சர்க்கசுக்கும் தீமிதிக்கும் மட்டுமே எடுப்போம். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. அந்த எழுத்தின் சுபாவம் அப்படி, எதைச் சொன்னாலும் விளையாட்டாகத்தான் சொல்லும். ஒருமுறை 'எச்சரிக்கை' என்று கோத்துப் பார்த்தேன். மிட்டாய் விற்கிறவன் கூப்பிடுவது போல இருந்தது. நானே சிரித்துவிட்டு மறுபடி பெட்டியில் போட்டேன்.

அதன் குணம் தெரியாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டதும் உண்டு. கள் குடிப்பதை ஒழிக்க வேண்டும் என்று ஒரு சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று 'கள்' என்கிற சொல்லை மட்டும் குண்டு எழுத்தில் போட்டு, மீதி உபதேசத்தை எல்லாம் ஈயத்தில் கோத்தேன். அன்று கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் குவளையோடு வந்தார்களாம். சங்கத்தின் செயலாளர் கடைக்கு வந்து என்னைத் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது.

ரப்பர் தோட்டத்து ஜனங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நோட்டீசை எடுத்துப் பார்த்ததுமே எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். ஒல்லி எழுத்து என்றால் துரை ஆபீஸ், வரி, அபராதம், சாவு. குண்டு எழுத்து என்றால் கொட்டு, வேஷம், விளக்கு, பொரிகடலை. யோங் பெங் ரோட்டிலிருந்து சாஆ வரை உள்ள தோட்டங்களுக்கெல்லாம் எங்கள் நோட்டீஸ்தான் போகும். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிற இடத்தில் ஒரு தாள் கையில் கிடைத்தால் போதும், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் முழுக்க அன்றைக்கு அதே பேச்சுதான். என்ன நாடகம், எந்த நாள் என்பதை அப்புறம் யாராவது படித்த ஆளிடம் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த எழுத்தின் மேல் உலகத்திலேயே அதிக ஆசை வைத்திருந்தவர் என் அக்காவின் புருஷன். யோங் பெங் ரோட்டுத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார். அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அக்காவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு நேரே எங்கள் அச்சகத்துக்கு வருவார். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். குண்டு எழுத்துப் பெட்டியை இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்ப்பார். "இது யாரு மச்சான், எங்க கங்காணி மாதிரியே தொப்பையோட நிக்கிறான்?" என்று கேட்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பார். எனக்கு வேலை கெடுகிறதே என்று கோபம் வரும். சீக்கிரம் கோபம் வருகிற ஆள் நான். ஆனாலும் அவர் வராத ஞாயிறு எனக்கு ஞாயிறாக இருந்ததில்லை.

அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை நான் இதை எழுதவில்லை. இப்போது எழுதுவதிலும் பெரிய வீரம் ஒன்றும் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருஷம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

ஜப்பான்காரன் வந்தபிறகு நாடகமும் இல்லை, சர்க்கசும் இல்லை. குண்டு எழுத்துப் பெட்டி அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. ஈய எழுத்தில் ஜப்பான் ஆபீசின் உத்தரவுகளை அச்சடித்தோம். காகிதம் கிடைக்காது, வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன தோட்ட ஆபீஸ் தாள்களின் பின்பக்கத்தில்தான் அச்சு. மை கிடைக்காது, விளக்குக் கரியைச் சுரண்டிப் பனை எண்ணெயில் குழைத்தோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. மாமா அப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருவார். அவருடைய கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. ஒரு நாள் பெட்டியை இறக்கச் சொல்லித் திறந்து பார்த்தார்.

"அலமாக்! நாட்டுல எல்லாரும் வத்திப் போயிட்டோம், இவனுங்க மட்டும் அப்படியே இருக்கானுங்களே மச்சான். எங்க போய்ச் சாப்பிடுறானுங்கன்னு கேட்டுச் சொல்லு லா."

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜப்பான் ஆபீசில் துபாஷியாக இருந்த ஒரு தமிழர் கடைக்கு வந்தார். யுத்தத்துக்கு முன்பு தோட்ட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆறு மாதத்தில் ஜப்பான் பேச்சைக் கற்றுக்கொண்டு, கையில் வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். ரயில் பாதை வேலைக்கு ஆட்கள் வேண்டும், மூன்று மாதம்தான், தினமும் அரிசி, துணி, வைத்தியம் எல்லாம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத் திடலுக்கு வரவும் என்று எழுதியிருந்தது. எந்த ஊரில் வேலை என்று மட்டும் இல்லை. எழுத்துக் கோக்கிறவனுக்கு விட்டுப்போனது முதலில் கண்ணில் படும். நான் கேட்கவில்லை.

ஈயத்தில் கோத்து அடித்துக் கொடுத்தோம். அந்த ஞாயிறு திடலுக்கு நாலே நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்குக் கண் தெரியாது.

செவ்வாய்க்கிழமை துபாஷி மறுபடி வந்தார். இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. யார் அடித்தது என்று கேட்கத் தேவையில்லை. முதலாளியின் முன்னால் அந்த நோட்டீசை வீசினார்.

"இதை எவன்யா பார்ப்பான்? கருமாதிக் கடுதாசி மாதிரி அடிச்சுக் குடுத்திருக்கீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஆள் சேரலைன்னா எனக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான்."

முதலாளி அந்தத் தாளை எடுத்து மடித்தார். அவர் நல்ல மனிதர், பயந்தவர். "என்ன செய்யணும்னு சொல்லுங்க சார்" என்றார். துபாஷிக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் நான் வருகிறேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. நான் கோத்த நோட்டீசைக் கருமாதிக் கடுதாசி என்று ஒருவன் சொல்லிவிட்டானே என்று எனக்கு ரோஷம் வந்தது. அந்த வட்டாரத்தில் என் நோட்டீசுக்குக் கூட்டம் சேரவில்லை என்பது அதுவரை நடந்ததே இல்லை.

"குண்டு எழுத்துல போட்டா வருவாங்க சார்" என்றேன். "எங்க எழுத்தைப் பார்த்தாப் போதும், எல்லாத் தோட்டத்துலயும் ஆள் கூடிரும்."

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். துபாஷி எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தார். அவரும் தோட்டத்தில் இருந்தவர்தானே, அந்த எழுத்து அவருக்கும் தெரியும். "ஆமா லா" என்றார், வீங்கிய கன்னத்தோடு சிரிக்கப் பார்த்தார்.

குண்டு எழுத்துப் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நினைத்ததை எல்லாம் அதில் கோக்க முடியாது. அதனால் 'அனைவரும் வாருங்கள்' என்ற வரியை நாங்கள் கலைப்பதே இல்லை. எல்லா நாடக நோட்டீசிலும் அது வரும். ஒரு தடவை கோத்ததை நூலால் கட்டி அலமாரியில் வைத்திருந்தோம், பல வருஷமாக அது அப்படியே இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி உச்சியில் வைத்தேன். அதன் கீழே 'அரிசி' என்று ஒரு வரி, 'துணி' என்று ஒரு வரி, இரண்டும் குண்டு எழுத்தில். ஓரங்களில் பூ வைத்தேன். சர்க்கஸ் நோட்டீசில் போடுகிற, விரல் நீட்டிக் காட்டும் கைப்படத்தை 'அரிசி'க்குப் பக்கத்தில் வைத்தேன். யுத்தத்துக்கு முன்பு வாங்கிய சிவப்பு மை ஒரு டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. நல்ல காலத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்தேன், அதையும் எடுத்தேன்.

முதல் தாள் மிஷினிலிருந்து வந்தபோது அழகாக இருந்தது. 'அனைவரும்' என்பதில் தும்பிக்கை நீட்டிக்கொண்டு, 'வாருங்கள்' என்பதில் 'ரு' சுருண்டுகொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த எழுத்து வாய் திறந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதிப் பிரயோசனம் இல்லை.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே வடக்கே ரயிலில் போனவர்கள் இருந்தார்கள், ஒருவரிடமிருந்தும் ஒரு கடிதம் வரவில்லை. மிஷின்காரச் சீனர் ஸ்டேஷன் பக்கம் கேட்டுவந்து, சரக்கு வண்டியில் ஆட்களை அடைத்துக் கதவை வெளியே பூட்டுகிறார்கள் என்று அரைகுறை மலாயில் சொல்லியிருந்தார். சயாமுக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. நான் அதையெல்லாம் கேட்டேன். கேட்டுவிட்டு, சிவப்பு மை சமமாக விழுகிறதா என்று பார்த்தேன்.

சனிக்கிழமை லாரியில் நோட்டீஸ் கட்டுகள் போயின. யோங் பெங் ரோட்டுக்கும் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா வீட்டுக்குச் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். ரப்பர் விளைகிற சீமையில் சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் கயிற்றைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கயிறும் அறுந்திருந்தது. நடந்து போயிருக்கலாம். போய், 'மாமா, போகாதீங்க' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னது துபாஷிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. மாமாவுக்கு மரம் வெட்டுகிற வேலை இருக்கிறது, அவர் எதற்குப் போகப் போகிறார், எழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டில் கிடப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பூசைக்கு அவரும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. முழங்காலில் இருந்தபடியே நான் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தேன். பூசை முடிந்து அச்சக வாசலில் போய் நின்றேன். பதினோரு மணிக்குமேல் லாரிகள் வரிசையாக ஸ்டேஷன் பக்கம் போயின, மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. உள்ளே ஆட்கள் பாடிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை அக்கா தோட்டத்திலிருந்து நடந்தே வந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை.

"மாமா போயிட்டாருடா. மூணு மாசந்தானே. பூசைக்குப் போடுற சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் போனாரு. நோட்டீசு உங்க கடையில அடிச்சதாமே? அதைப் பார்த்ததுல இருந்து மனுசனுக்கு இருப்புக் கொள்ளல."

"ஜப்பான்காரன் அடிக்கச் சொன்னான்" என்றேன். அந்த ஒரு வரியில் பொய் இல்லை. அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

கூட்டம் சேர்ந்த சந்தோஷத்தில் துபாஷி கடைக்குக் கால் மூட்டை அரிசி கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி தன் பங்கைத் தொடவில்லை. நான் என் பங்கை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வெள்ளை அரிசியைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அக்கா முறத்தில் கொட்டி ஒரு கல் விடாமல் பொறுக்கினாள். சோறு பொங்கியதும் லயத்தில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒரு கைப்பிடி கொடுத்தாள். "எங்கடா கிடைச்சுது?" என்று கேட்டாள். கடையில் கொடுத்தார்கள் என்றேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லி நான் சாப்பிடவில்லை.

அதே நோட்டீசை இன்னும் இரண்டு தடவை அடித்தோம். மூன்றாவது தடவை திடலில் ஒரு குருவிகூட இல்லை. அதற்குப் பிறகு ஜப்பான்காரனுக்கு நோட்டீஸ் தேவைப்படவில்லை, லாரி நேராக லயத்துக்கே போய் ஆட்களைப் பிடித்தது. வரியை நூலால் கட்டி மறுபடி அலமாரியில் வைத்தேன். கலைத்துப் போட்டிருக்கலாம். பழக்கம்.

மூன்று மாதம் ஆறு மாதமானது. பிறகு அக்கா மாதம் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவை அவளைப் பார்க்கும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். 'அக்கா, அந்த எழுத்தில் போடலாம் என்று சொன்னது நான்தான், சந்தேகம் இருந்தும் சொன்னேன்.' இவ்வளவுதான். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். போய், மண்வெட்டியை வாங்கி அவளுடைய கிழங்குக் கொல்லையைக் கொத்திக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். மாமா போன இரண்டாம் வருஷம் தோட்டத்தில் வேலையே இல்லாமல் போனது. அக்கா லயத்தை விட்டு, டவுனை ஒட்டிய, கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றின் ஓரமாகக் குடிசை போட்டுக்கொண்டாள். முதலாளி கால் வீங்கி இறந்துபோனார். அவருடைய கருமாதிக் கடிதத்தை ஈயத்தில் கோத்தேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு, சில மாதங்கள் கழித்து, சயாமிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். வடக்கேயிருந்து வருகிற ரயிலில் பத்துப் பேர், இருபது பேர் என்று வந்தார்கள். சிலர் குளுவாங்கில் இறங்கினார்கள், சிலர் கூலாய்க்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். அக்கா ஒரு நாள் காலையில் அச்சகத்துக்கு வந்தாள்.

"ஒரு நோட்டீசு அடிச்சுக் குடுடா. ஸ்டேசன்ல ஒட்டணும்."

"என்ன நோட்டீசு?"

"மாமாவுக்குத்தான். அவரு இறங்கினா நேரா தோட்டத்துக்குத்தான் போவாரு. அங்க யாரு இருக்கா? நான் செத்துட்டேன்னு நெனைச்சுக்கிட்டு எங்கேயாச்சும் போயிட்டாருன்னா? அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா குண்டு எழுத்தைப் பார்த்தா உன் கடைன்னு தெரியும், இங்க வந்துருவாரு. அது கூப்பிட்டுத்தானே போனாரு, அதுவே கூப்பிடட்டும்."

அன்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியே நல்ல வெயில், அவசரம் ஒன்றும் இல்லை. அக்கா தானே அலமாரியைப் பார்த்து, நூல் கட்டிய வரியைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது என்னன்னு போட்டிருக்கு?"

"அனைவரும் வாருங்கள்."

"எல்லாரும் வேணாம், அவரு வந்தாப் போதும்" என்று சொல்லிச் சிரித்தாள். "பரவாயில்ல, இதையே போடு. அவருக்குப் பிடிச்சது."

போட்டேன். கீழே கடையின் தெருவைச் சின்ன எழுத்தில் கோத்தேன். ஐம்பது தாள் அடித்தேன்.

மறுநாள் காலை வண்டிக்கு இருவரும் போனோம். அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். ஸ்டேஷன் சுவரில் இரண்டு தாளைக் கிழங்கு மாவுப் பசை தடவி ஒட்டினாள். ஒன்றைப் பிரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் நடுவில் நின்றாள். வண்டி வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று பேர் இறங்கியிருப்பார்கள். கோணிச் சாக்கைத் துண்டாகக் கட்டியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே புண், இலை வைத்துக் கட்டியது. ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியவில்லை.

அக்கா தாளை உயரத் தூக்கிக்கொண்டு அவர்களை நோக்கிப் போனாள். முன்னால் வந்த ஆள் அதைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு ஒரு அடி பின்னால் வைத்தான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் முட்டிக்கொண்டு, என்ன என்று எட்டிப் பார்த்து, அவர்களும் பின்வாங்கினார்கள். ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவன் மறுபடி வண்டியில் ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்காவுக்குப் புரியவில்லை. "பயப்படாதீங்க, நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கிட்டப் போனாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அதை மடிச்சு வைம்மா."

"என்னங்க?"

"மடிச்சு வை. இதைப் பார்த்துத்தான் நாங்க போனோம்."

அக்கா தாளைக் கீழே இறக்கினாள். பிறகு, மடிக்காமலே, தான் கேட்க வந்ததைக் கேட்டாள். யோங் பெங் ரோட்டுத் தோட்டம், இடது காதில் கடுக்கன், சத்தமாகச் சிரிப்பார், பார்த்தீர்களா என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். "நீதான் அவரு வீட்டுக்காரியா?" என்றார். அதன் பிறகு நடந்ததைச் சொன்னார். மழைக்காலத்தில் மாமாவுக்கு வாந்திபேதி வந்ததாம். ஒரே கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்களாம். இரண்டு நாளில் முடிந்துவிட்டதாம். ஆற்றோரமாகப் புதைத்தார்களாம்.

"அன்னைக்குத் திடல்ல நாங்க யாரும் போறதா இல்லம்மா" என்றார். "எழுத்தைப் பார்த்து வந்துட்டோம். ஆனா லாரியையும் துப்பாக்கியையும் பார்த்ததும் தயங்கி நின்னுட்டோம். சயாமுக்குன்னு பேச்சு வேற. ஓடிரலாம்னுகூட நெனைச்சோம், அப்ப ஓடியிருக்கலாம். உங்க வீட்டுக்காரருதான் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாரு. இது என் மச்சான் கடை எழுத்து, என் மச்சான் பொய் அடிக்கமாட்டான், வாங்கடான்னு சொல்லி முதல்ல ஏறினாரு. அவரு ஏறினதால நாங்க ஏறினோம். என் தம்பி ரெண்டு பேரும் ஏறினானுங்க."

அவருடைய தம்பிகள் யாரும் அந்த வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"இவன்தாங்க அந்த மச்சான்" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசி வரைக்கும் உன்னை ஒரு வார்த்தை சொல்லலப்பா" என்றார். "நாங்க திட்டினாலும் விடமாட்டாரு. பாவம், என் மச்சானையும் ஏமாத்தித்தான் அடிக்க வச்சிருக்கானுங்க, தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான்னு சொல்லிக்கிட்டே கிடந்தாரு."

அவர் நொண்டிக்கொண்டு மற்றவர்களிடம் திரும்பிப் போனார். வண்டி கூலாய்ப் பக்கம் கிளம்பியது. அக்கா என் முகத்தையே பார்த்தாள். நானும் ஏமாந்தவன்தான் என்கிற அந்த ஒன்றுதான் அவளுக்கு இனி மிச்சம் என்பது எனக்குத் தெரிந்தது.

"உன்னையும் ஏமாத்திட்டாங்கதானேடா?"

"ஆமாக்கா" என்றேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.